5,000 கண்ணாடித் தகடுகள்: ஸ்லோபோசியா அருங்காட்சியகத்தின் புகைப்படத் தொகுப்பு

ஒரு கல்யாணப் படம். மாப்பிள்ளை விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார், பெண்ணின் உடை தரையில் பரந்து கிடக்கிறது, கையில் பூங்கொத்து தெளிவாகத் தெரிகிறது. அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வற்றிய குளத்துச் சேறு வெடித்த மாதிரி விரிசல் ஓடுகிறது. மேல் மூலையில் கண்ணாடியே இல்லை, உடைந்து போயிருக்கிறது.

இப்படிப்பட்ட படங்கள் ஏராளமாக உள்ள ஒரு தொகுப்பு ருமேனியாவில் ஸ்லோபோசியா என்ற ஊரில், யாலோமித்சா மாவட்ட அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 5,000 கண்ணாடி நெகட்டிவ்கள், அவற்றோடு கொஞ்சம் பழைய அச்சுப் படங்கள். எடுத்தவர் கோஸ்திகா அக்சின்தே என்ற ஊர் ஸ்டுடியோக்காரர்.

இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய தேசிய அருங்காட்சியகங்களின் படத் தொகுப்புகளைப் பற்றிப் படிக்க நிறையக் கிடைக்கிறது. அங்கே குளிரூட்டிய அறை இருக்கும், பாதுகாப்பு வல்லுநர் இருப்பார், நிதி இருக்கும். அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளையும் கிராமத்து நெசவையும் காட்சிக்கு வைத்திருக்கும் ஒரு மாவட்ட அருங்காட்சியகத்தின் கையில் ஒரு ஸ்டுடியோவின் வாழ்நாள் வேலை மொத்தமும் வந்து விழுந்தால் என்ன ஆகும் என்பதுதான் எனக்கு வேண்டிய கேள்வி. நம் ஊர்ப் பக்கம் யாராவது பழைய ஸ்டுடியோப் படங்களைக் காப்பாற்ற நினைத்தால் அவர்கள் நிற்கப் போவதும் அந்த இடத்தில்தான்.

ஊரும் ஆளும்

அக்சின்தே 1897இல் அதே மாவட்டத்தில் பெரியேத்ஸ் என்ற கிராமத்தில் பிறந்தவர். விமானியாகப் பயிற்சி பெற்றிருந்தாலும் முதல் உலகப் போரில் ராணுவத்துக்குப் படம் எடுப்பதே அவர் வேலையானது, 1920 ஜூன் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அப்புறம் ஸ்லோபோசியாவில் 'ஃபோட்டோ ஸ்ப்ளெண்டிட்' என்று பெயர் வைத்து ஒரு ஸ்டுடியோ திறந்தார். அது 1960 வரை நடந்தது. 1984இல் இறந்தார்.

ஸ்லோபோசியா இருப்பது பாரகான் சமவெளியில். கண்ணுக்கு எட்டும்வரை கோதுமையும் மக்காச்சோளமும் விளைகிற தட்டை நிலம், கோடையில் கொளுத்தும், குளிர்காலத்தில் கிரிவெத்ஸ் என்று அவர்கள் சொல்லும் வடகிழக்குக் காற்று எலும்பைத் துளைக்கும். இந்த வெயிலும் குளிரும் நெகட்டிவ்களின் கதையில் பின்னால் வரும், அதனால் சொல்லி வைக்கிறேன்.

அந்த நாற்பது ஆண்டுகளில் ஊர் என்னவெல்லாம் பார்த்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். 1921இல் நிலச் சீர்திருத்தம். 1941இல் ஜெர்மனியோடு சேர்ந்து சோவியத் மேல் படையெடுப்பு, 1944 ஆகஸ்டில் பக்கம் மாறி அதே ஜெர்மனிக்கு எதிராகப் போர். 1947 டிசம்பர் 30 அன்று மன்னர் மிகாய் முடி துறந்தார். 1949இல் தொடங்கி 1962 வரை விவசாயிகளின் நிலத்தைக் கூட்டுப்பண்ணையில் சேர்த்தார்கள். 1951 ஜூனில் யுகோஸ்லாவிய எல்லைப் பக்கத்திலிருந்து 40,000 பேருக்கும் மேல் ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்து இந்தச் சமவெளியில் வெட்டவெளியில் இறக்கிவிட்டார்கள். இத்தனைக்கும் நடுவில் ஊரில் குழந்தை பிறந்தது, கல்யாணம் நடந்தது, சாவு விழுந்தது, ஒவ்வொன்றுக்கும் படம் எடுக்க ஆள் தேவைப்பட்டது.

அதனால்தான் ஊர் ஸ்டுடியோக்காரர் எடுத்த படங்களுக்கு நான் இவ்வளவு மதிப்புக் கொடுக்கிறேன். பத்திரிகைப் படக்காரர் தலைவர்களைத் தேடிப் போவார். ஸ்டுடியோக்காரரைத் தேடி ஊரே வரும், காசு கொடுக்கும் எல்லோரையும் அவர் எடுப்பார், விடுப்பில் வந்த சிப்பாய், கிராமத்திலிருந்து வண்டி கட்டி வந்த குடும்பம், தலையில் ரிப்பன் கட்டிய சின்னப் பெண், பெட்டியில் கிடத்திய பாட்டியைச் சுற்றி நிற்கும் உறவினர்கள் எல்லோரும் கண்ணாடியில் ஒரே மரியாதையோடு பதிவாகியிருக்கிறார்கள்.

நெகட்டிவ் தரும் கூடுதல்

ஒரு விஷயத்தை இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல அருங்காட்சியகங்கள் இதைக் கவனிப்பதில்லை. வீட்டு ஆல்பத்தில் இருக்கும் அச்சுப் படமும் ஸ்டுடியோவில் இருக்கும் நெகட்டிவும் ஒன்று என்று நினைக்கிறோம். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் படத்தை ஸ்டுடியோக்காரர் ஓரம் வெட்டித்தான் கொடுப்பார். வெட்டாத முழுப் படமும் நெகட்டிவில் இருக்கும். வரைந்த பின்திரை எங்கே முடிகிறது, அதற்கு அப்பால் சுவர் எப்படி இருக்கிறது, முற்றத்தில் துணியைத் தொங்கவிட்டு எடுத்த படத்தில் துணிக்குக் கீழே மண்தரை, குழந்தை நகராமல் இருக்கப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருக்கும் கை, எல்லாம் அதில் கிடைக்கும்.

இன்னொன்று, பென்சில் வேலை. அந்தக் கால ஸ்டுடியோக்களில் நெகட்டிவின் மேல் ஒரு மெல்லிய வார்னிஷ் பூசி, கூரிய பென்சிலால் முகத்துச் சுருக்கத்தையும் அம்மைத் தழும்பையும் மறைப்பார்கள். நம் பக்கத்தில் டச்சிங் என்று சொல்வது இதைத்தான். கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால் அந்தப் பென்சில் கோடுகள் பளிச்சென்று தெரியும். யார் முகத்தில் எதை மறைக்க விரும்பினார்கள் என்பதே ஒரு சமூக வரலாறு, அச்சுப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதைப் படிக்கவே முடியாது.

யாலோமித்சா தொகுப்பை இணையத்தில் ஏற்றியபோது பல தகடுகளை ஓரம் வெட்டாமல், உடைந்த விளிம்போடு, கறையோடு, அப்படியே ஏற்றினார்கள். எனக்கு அந்த வேலையில் மிகவும் பிடித்தது அந்த முடிவுதான்.

தகடு எப்படிச் சாகிறது

கண்ணாடி நெகட்டிவ் என்பது கண்ணாடியின் மேல் ஜெலட்டின், ஜெலட்டினுக்குள் வெள்ளித் துகள். 1871இல் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் ஜெலட்டின் முறையை முன்வைத்தார், அதன் பிறகு பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தொழிற்சாலையில் செய்த உலர்தகடுகள் உலகம் முழுக்கப் பெட்டி பெட்டியாக விற்பனைக்கு வந்துவிட்டன. தகட்டை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளலாம், எடுத்த உடனே கழுவ வேண்டிய அவசரமும் இல்லை என்பதால் சின்ன ஊர் ஸ்டுடியோவுக்கு வரப்பிரசாதமாக அமைந்தது.

ஜெலட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது, ஈரத்தை உறிஞ்சினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கண்ணாடி இரண்டையும் செய்யாது. கோடை, குளிர், மழை என்று ஆண்டுக்கு ஆண்டு உப்பியும் சுருங்கியும் வந்தால் ஓரத்தில் பிடி விட்டுப்போய் அப்பளம் மாதிரி சுருண்டு எழும்பும். அப்புறம் உரியும். ஈரம் தங்கினால் பூஞ்சை வந்து ஜெலட்டினையே தின்னும், படங்களில் மேகம் மாதிரியும் வேர் மாதிரியும் தெரிவது பலநேரம் அதுதான். வெள்ளியும் சும்மா இருக்காது, காற்றில் உள்ள வாயுக்களால் அரிக்கப்பட்டு மேற்பரப்புக்கு நகர்ந்து அங்கே மறுபடியும் உலோகமாகப் படியும், ஓரங்களில் நீலமாகக் கண்ணாடி போல மின்னும்.

உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் அடுக்கும் விதம். 13×18 செ.மீ. தகடு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் கனம் என்றால் 90 கிராம் இருக்கும். ஐம்பதைப் படுக்கைவாட்டில் அடுக்கினால் அடித்தகட்டின் மேல் நாலரைக் கிலோ நிற்கும், நடுவில் ஒரு மணல் துகள் இருந்தால் போதும். தகட்டை நீளமான பக்கம் கீழே இருக்கும்படி நிமிர்த்தி வைக்க வேண்டும், ஒவ்வொன்றையும் பசை இல்லாமல் நாலு பக்கமும் மடிக்கிற அமிலமில்லாத தாளில் சுற்ற வேண்டும். பழைய பழுப்பு உறையின் பசைத் தையல் இருந்த இடத்தில் படத்தில் நேர்கோடாக மஞ்சள் விழுந்திருப்பதை நிறையத் தொகுப்புகளில் பார்க்கலாம். வெப்பம் 18 டிகிரிக்குக் கிட்டத்தட்ட, ஈரப்பதம் 30 முதல் 40 சதவீதம் என்பது பாதுகாப்பாளர்கள் சொல்லும் இலக்கு. சின்ன இடத்தில் அந்த எண்ணை எட்ட முடியாது என்றாலும், ஏறி இறங்காமல் ஒரே சீராக வைத்திருந்தாலே பாதிச் சேதம் குறையும். மொட்டைமாடி அறை, கூரைக்கடியில் உள்ள பரண், இவை இரண்டும் மிக மோசம்.

ஸ்லோபோசியாவில் வேலை தொடங்கியபோது பல தகடுகள் இந்த எல்லாக் கட்டங்களையும் தாண்டியிருந்தன. உரிந்துபோன முகத்தை யாரும் திரும்ப ஒட்ட முடியாது. மிச்சம் இருப்பதை இன்றைய நிலையில் பதிவு செய்வதுதான் ஒரே வழி.

பொபெஸ்கு செய்தது

2013இல் சேசார் பொபெஸ்கு என்ற புகைப்படக்காரர் முன்னின்று இந்தத் தகடுகளை டிஜிட்டல் ஆக்கத் தொடங்கினார். படங்கள் ஃபிளிக்கர் என்ற படப் பகிர்வு இணையதளத்தில், பதிப்புரிமைத் தடை இல்லை, யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்ற குறிப்போடு ஏறின. சீரமைத்த, தேர்ந்தெடுத்த நூறு படங்களைக் கண்காட்சியாக வைத்துவிட்டு மீதியை இருட்டில் விடவில்லை. நல்லதும் கெட்டதும் வந்த வரிசையில் வெளியே வந்தன.

இதன் அளவு புரிய நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு தகட்டை உறையிலிருந்து எடுத்து, கண்ணாடிப் பக்கத்தை மட்டும் தூசி தட்டி, விளக்குப் பலகையில் வைத்துப் படம்பிடித்து, எண் கொடுத்து, திரும்ப வைக்க 5 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 5,000 தகட்டுக்கு 25,000 நிமிடம், அதாவது 400 மணி நேரத்துக்கு மேல். தினம் நாலு மணி நேரம் உட்கார்ந்தால் நூறு நாளைத் தாண்டும். 5 நிமிடம் என்பதே உடையாத தகட்டுக்கு. 13×18 செ.மீ. தகட்டை அங்குலத்துக்கு 1200 புள்ளி அளவில் 16 பிட் கறுப்பு வெள்ளையாகச் சேமித்தால் ஒன்று 100 மெகாபைட் சொச்சம், மொத்தம் அரை டெராபைட். இன்று அந்த அளவு வன்தட்டு வாங்குவது ஒரு பெரிய விஷயமே இல்லை. ஆள் உட்கார வேண்டும், அதுதான் கடினம். ஒருவர் பிடிவாதமாக உட்கார்ந்தால் ஒரு ஊரின் நாற்பது ஆண்டு முகங்கள் வெளியே வந்துவிடும் என்பதை இந்த வேலை காட்டியிருக்கிறது.

சட்டமும் கொஞ்சம் ஒத்துழைத்தது. ருமேனியாவில் 1956ஆம் ஆண்டின் பதிப்புரிமை ஆணை புகைப்படங்களுக்கு மிகக் குறுகிய காலமே கொடுத்தது, தனிப் படத்துக்கு 5 ஆண்டு, கலைப் படத் தொடருக்கு 10 ஆண்டு. 1996இல் புதிய சட்டம் வருவதற்குள் பழைய படங்கள் நிறையப் பொதுச் சொத்தாகியிருந்தன. நம் நாட்டில் அப்படி இல்லை. முன்பு புகைப்படத்துக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை இருந்தது, 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு எடுத்தவரின் வாழ்நாளும் அவர் இறந்த பின் 60 ஆண்டும் உண்டு. இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை, காசு வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டு எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் அந்தக் காசு கொடுத்தவர்தான், ஸ்டுடியோக்காரர் அல்ல. அதனால் நம் ஊர் ஸ்டுடியோவின் நெகட்டிவ்களை ஒரு அருங்காட்சியகம் வாங்கினாலும், வாங்கியது கண்ணாடியை, படத்தின் உரிமையை வாங்கியதாக ஆகாது. இதைத் தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது. தெரிந்ததும் பயந்து கைவிட வேண்டியதில்லை, குடும்பம் கேட்டால் உடனே படத்தை எடுத்துவிடுவோம் என்று தெளிவாக எழுதிவைத்து நடத்தும் தொகுப்புகள் உலகில் எத்தனையோ உண்டு.

ஜேன் லாங் வந்தபோது

திறந்து வைத்தால் யார் வருவார்கள் என்று நாம் தீர்மானிக்க முடியாது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜேன் லாங் என்ற கலைஞர் ஃபிளிக்கரில் இந்தப் படங்களைக் கண்டார். பழுது நீக்கும் பயிற்சிக்காக எடுத்து, விரிசலை மூடி, முகத்தைச் சுத்தம் செய்து, அதோடு நிற்காமல் வண்ணமும் கனவுக் காட்சிகளும் சேர்த்து 'டான்ஸிங் வித் கோஸ்திகா' என்ற தொடராக ஆக்கினார். அது 2015இல் இணையம் முழுக்கச் சுற்றியது. அக்சின்தேயின் பெயரைப் பலர் முதன்முதலில் கேட்டது அந்தத் தொடர் வழியாகத்தான்.

எனக்கு இதில் இரண்டு மனசு. வேலை நேர்த்தியானது, மூலப் படம் எங்கிருந்து வந்தது என்பது தொடரின் பெயரிலேயே இருக்கிறது, அருங்காட்சியகம் வெளிப்படையாக அனுமதித்ததை அவர் செய்தார், அதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் ஸ்டுடியோவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெண்ணின் முகம் ஒரு மாயக் காட்சிக்குள் நிற்பதைப் பார்க்கும்போது நெஞ்சு உறுத்துகிறது. அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் படத்தோடு இருந்திருந்தால் யாருக்கும் அப்படிச் செய்யத் தோன்றியிருக்குமா? இன்னார் மகள், இன்ன தெரு, இன்ன வருஷம் கல்யாணம் என்று எழுதியிருந்தால் பார்க்கிறவரின் கை கொஞ்சம் தயங்கும். பெயர் போய்விட்ட முகம் யார் வேண்டுமானாலும் எடுத்துக் குழைக்கும் மண்ணாக ஆகிவிடுகிறது.

தொகுப்பின் பெரிய குறை என்று நான் நினைப்பதும் இதைத்தான். ஆயிரக்கணக்கான முகங்கள் வெளியே வந்தன, பெரும்பாலானவற்றுக்குப் பெயர் இல்லை. 1935இல் கைக்குழந்தையாகப் படம் எடுத்துக்கொண்டவருக்கு 2013இல் 78 வயது. 1950களில் குழந்தையாக எடுத்துக்கொண்டவர்கள் அறுபது வயதை ஒட்டியவர்கள். ஸ்கேன் செய்யும் வேலை தொடங்கியபோது அடையாளம் காட்டக்கூடியவர்கள் அந்த ஊரிலேயே நடமாடிக்கொண்டிருந்திருப்பார்கள், அந்த ஆண்டுகள் இனிமேல் வரப் போவதில்லை.

பெயர் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நியூசிலாந்தின் நெல்சன் மாகாண அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். அதுவும் ஒரு ஊர் அருங்காட்சியகம்தான். அங்கே டைரி என்ற குடும்பப் பெயர் கொண்ட சகோதரர்களின் ஸ்டுடியோவிலிருந்து வந்த கண்ணாடி நெகட்டிவ்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. வில்லியம் டைரி ஊரை விட்டுப் போன பிறகு ஸ்டுடியோவை நடத்தியவர் ரோஸ் ஃபிராங்க் என்ற பெண், முதலில் உதவியாளராக வந்து, 1895 முதல் மேலாளராக இருந்து, 1914இல் அதை வாங்கியவர். அந்தப் படங்களோடு வாடிக்கையாளர் பெயரும் எண்ணும் பிழைத்து வந்திருக்கின்றன. அதனால் இன்று ஒருவர் தன் குடும்பப் பெயரைத் தேடிக் கொள்ளுத்தாத்தாவின் படத்தைக் கண்டுபிடிக்க முடிகிறது. அந்தப் பெயர் காசு கொடுத்தவருடையது, உட்கார்ந்திருப்பவர் அவர் மனைவியாகவோ மகளாகவோ இருக்கலாம். இருந்தாலும் தேடுவதற்கு ஒரு நூல் முனை இருக்கிறது.

பெயர் இல்லாமல் தொடங்கியும் பிழைத்த தொகுப்பு ஹங்கேரியின் ஃபோர்ட்டபான். 2010இல் மிக்லோஷ் தமாஷியும் ஆகோஷ் செப்பெஷியும் தெருவோரத்திலும் பழைய சாமான்களிலும் பல ஆண்டுகளாகத் தேடிச் சேர்த்த 5,000 படங்களோடு இணையத்தில் தொடங்கினார்கள். ஃபோர்ட்டே நிறுவனத்தின் ஃபிலிம் பெயரையே தளத்துக்கும் வைத்தார்கள். எண்ணிக்கையில் ஸ்லோபோசியாவுக்குச் சமம். ஆனால் அங்கே முதலிலிருந்தே ஆர்வலர்கள் ஒரு கூட்டமாக உட்கார்ந்து கடைப் பலகை, டிராம் எண், கட்டட மூலை என்று பார்த்துப் பார்த்து இது இன்ன தெரு, இன்ன வருஷம் என்று எழுதிச் சேர்த்தார்கள். தெருப் படத்தில் அது முடியும். ஸ்டுடியோப் படத்தில் பின்னால் இருப்பது வரைந்த திரை, அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது, முகத்தை நேரில் அறிந்த ஒருவர் வேண்டும், அவர் உயிரோடு இருக்க வேண்டும். அதனால் ஸ்டுடியோத் தொகுப்புக்கு இருக்கும் அவகாசம் வேறு எந்தத் தொகுப்பையும்விடக் குறைவு.

இன்னொரு கவலையும் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வணிக நிறுவனத்தின் தளத்தை மட்டும் நம்பக்கூடாது. ஃபிளிக்கரை 2005இல் யாஹூ வாங்கியது, 2018இல் ஸ்மக்மக் வாங்கியது, அதே ஆண்டின் இறுதியில் இலவசக் கணக்குக்கு 1,000 படம்தான் என்று அறிவித்தார்கள். பொதுத் தொகுப்புகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள் என்றாலும் அந்த நாட்களில் எத்தனை சின்ன அருங்காட்சியகங்கள் தூக்கமில்லாமல் இருந்திருக்கும். மூலக் கோப்புகள் மூன்று இடத்திலாவது இருக்க வேண்டும், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும்.

நம் பக்கம்

தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களுக்கு யாரும் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணத் திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டில் ஊர் ஊராகப் போய்ப் பழைய ஸ்டுடியோக்களின் நெகட்டிவ்களையும் படங்களையும் டிஜிட்டல் ஆக்கியிருக்கிறது. அருமையான வேலை. ஆனால் நம் ஊர்கள் எத்தனை, ஸ்டுடியோக்கள் எத்தனை, ஒரு குழு எல்லா இடத்துக்கும் போக முடியாது. கண்ணாடித் தகட்டைச் சுரண்டிக் கழுவிச் சாமி படத்துக்குச் சட்டம் போட்ட கதையும், ஃபிலிமை வெள்ளிக்காக எடைக்குப் போட்ட கதையும் பழைய ஸ்டுடியோக் குடும்பங்களில் கேட்டால் சொல்வார்கள்.

போன வருஷம் எங்கள் ஊரில் நானும் இரண்டு நண்பர்களும் மூடிக்கிடந்த ஒரு ஸ்டுடியோ வீட்டுக்குப் போனோம். ஸ்டுடியோக்காரர் இறந்து வெகுநாள் ஆகிவிட்டது, அவர் மனைவி இருக்கிறார். பரணிலிருந்து நாலு மரப்பெட்டி இறக்கினோம். ஒன்றில் தகடுகள், மூன்றில் ஃபிலிம். எனக்கு வாயெல்லாம் பல். அப்புறம்தான் கேட்டேன், அம்மா, பில் நோட்டு ஏதாவது இருக்கா, பேர் எழுதி வைப்பாரே. "நெகட்டிவ் மட்டும் போடாதேன்னு சொல்லிட்டுப் போனார் தம்பி. நோட்டு எல்லாம் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாச்சு, யாருக்கு வேணும்னு நினைச்சேன்" என்றார். முப்பது வருஷத்து நோட்டுகள். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, யாரும் அவரிடம் அதைக் கேட்டு வந்ததே இல்லை.

அதற்குப் பிறகு ஸ்லோபோசியா தொகுப்பைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றும் வரிசையே மாறிவிட்டது. முன்பெல்லாம் ஸ்கேனர், ஈரப்பதம், உறை என்றுதான் யோசிப்பேன். இப்போது ஒரு ஊர் அருங்காட்சியகம் என்னிடம் கேட்டால் முதல் நாளே நோட்டைக் கேளுங்கள் என்பேன், நெகட்டிவுக்கு முன்னால். பில் புத்தகம், உறையின் மேல் எழுதிய பெயர், சுவரில் மாட்டிய மாதிரிப் படங்களின் பின்பக்கம், எது கிடைத்தாலும் படம்பிடித்துக்கொள்ளுங்கள். நோட்டு இல்லையென்றால் ஆளைக் கேளுங்கள், ஸ்டுடியோக்காரரின் மனைவி, டச்சிங் போட்ட உதவியாளர், எதிர்க்கடைக்காரர். நல்ல ஸ்கேன் அடுத்த வருஷமும் எடுக்கலாம். முதல் சுற்றுக்குக் கைபேசி போதும், தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படம் எடுத்து, நிறத்தைத் தலைகீழாக மாற்றினால் முகம் தெரிந்துவிடும், அடையாளம் கேட்க அவ்வளவு போதும். அதோடு பொபெஸ்கு செய்த மாதிரி, கெட்டுப்போனதையும் விடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். முகம் உரிந்த படத்தில் புடவைக் கரையைப் பார்த்து அடையாளம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இதை நான் ஊகத்தில் சொல்லவில்லை. இரண்டாவது முறை போனபோது நாற்பது படங்களைத் தட்டுக்கணினியில் பெரிதாக்கி அந்த அம்மாவிடம் காட்டினோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதல் பத்தில் ஒன்றும் தெரியவில்லை. பதினொன்றாவதில் "இது மளிகைக்கடை வீட்டு மூத்த மருமக, வளைகாப்புக்கு எடுத்தது, அந்த நாற்காலி அப்பத்தான் புதுசா வாங்கினோம்" என்றார். அதன் பிறகு நாற்காலியை வைத்தே வருஷம் சொல்லத் தொடங்கினார். திரையில் வரைந்த படிக்கட்டு கிழிவதற்கு முன்னா பின்னா என்று பிரித்தார். பாதி முகம் பூஞ்சையில் போயிருந்த ஒரு படத்தில் கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து, அது எங்க வீட்டுக் கடிகாரம், படம் எடுக்க வர்றவங்களுக்கு அவர் கட்டிவிடுவார் என்றார். நாற்பதில் பதினான்குக்குப் பெயர் கிடைத்தது, பெயரை அவர் சொல்லச் சொல்ல நண்பர் எழுதினார், நான் குரலையும் பதிவு செய்துகொண்டேன்.

அவருக்கு 81 வயது. வரும் ஞாயிற்றுக்கிழமை அடுத்த அறுபது படங்களோடு போகிறோம்.